மைனாவதி தூங்கின தெரு

மைனாவதியை நாங்கதான் தூங்க வெச்சோம்னு பேசறவங்க பேசிட்டுப் போகட்டுமுங்க, ஆனா அவ தூங்கினது ஒரு புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கு, அவ வீட்டுல, அவ பாயில, அவ கையாலயே கலக்கிக் குடிச்சுட்டுத்தான். அதுல என்ற பங்கு என்னன்னு நானே சொல்லிடறேன், வேற எவளாவது நாக்கை நீட்டிச் சொல்றதுக்கு முன்னாடி.

என்ற பேரு சம்பூர்ணம். செம்மாம்பாளையம் தறித்தெருவுல வீடு வீடாப் போய் மூலிகைச் சாமான் விக்கறேன். முட்டி வலித் தைலம், முடி கொட்டாம இருக்க எண்ணெய், வயித்துப்புண்ணுக்கு லேகியம், அதோட பச்சை டப்பாவுல தூக்கப்பொடி. அமுக்கராக் கிழங்கு, சடாமாஞ்சில், இன்னும் பேர் தெரியாத நாலு வேரு, எல்லாத்தையும் ஒட்டுக்கா இடிச்சுச் சலிச்சது. டப்பாவுக்கு முன்பக்கம் ஒரு அம்மிணி நெலா வெளிச்சத்துல சிரிச்சுட்டே தூங்கற படம் இருக்கும், பின்பக்கம் பொடிசா நாலு வரி அச்சடிச்சிருக்கும். என்ற போன் நம்பர் போட்ட ஸ்டிக்கரை எங்க ஒட்டறது சொல்லுங்க? முன்னாடி ஒட்டினா படம் மறையுது. அதனால அந்த நாலு வரி மேலதான் ஒட்டுவேன், ஓரம் பெயராம நகத்தால நல்லாத் தேச்சும் விடுவேன். தினம் அரை ஸ்பூனுக்கு மேல வேண்டாம், ஆறு வாரத்துக்கு மேல வேண்டாம், வேற தூக்க மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காமத் தொடவே வேண்டாம், புள்ளத்தாச்சிக்கும் கொழந்தைக்கும் ஈரல் கெட்டவங்களுக்கும் ஆகாது, இதுதான் அதுல எழுதியிருந்துச்சுன்னு எனக்குப் பொறவுதான் தெரியும்.

எங்க ஊர்ல தூக்கம்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாதுங்க. ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு, அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆளு மாத்தி மாத்தித் தறி ஓடும், தறி நின்னாத்தான் எங்களுக்குத் திடுக்குனு முழிப்பு வரும், ஓடறப்பவும் தூக்கம் வராது. படுத்தா பஞ்சு பறக்கற மாதிரி கண்ணுக்குள்ள ஏதோ பறக்கும், எந்திரிச்சா தலை கனக்கும், புருஷன் பொண்டாட்டி பேச வாயத் தொறந்தாலே சண்டை, அடிக்கற கையும் அழற வாயும் தூக்கமில்லாம அடிச்சு அழுதுட்டுக் கெடக்கும். அப்படிப்பட்ட தெருவுல என்ற பச்சை டப்பா விக்காம வேற என்னங்க விக்கும்?

மைனாவதி தார் சுத்தறவ, அதாவது தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள போற நூலைக் கண்டுல சுத்தித் தர்றவ. அவ புருஷன் மாரப்பன் சென்னியப்பன் பட்டறைல தறி ஓட்டறான். அவங்களுக்கு ஒரே புள்ள, கோகிலவாணி, ஆறாவது படிக்கறா. மைனாவதிக்கு நெஞ்சு படபடப்புன்னு டவுன் டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாரு, அது பத்தலைன்னு எங்கிட்ட வந்தா.

"ஏனுங்க்கா, இங்கிலீஷ் மாத்திரை ஒண்ணு முழுங்கிட்டிருக்கறேன். அதோட இதையும் சேத்திக்கலாமா?"

"ஏம்புள்ள, நீ மாத்திரை சாப்புடற நாள்ல கீரைக் கொழம்பு திங்கறதில்லையா? இதும் அப்படித்தான். பச்சிலை யாரை என்ன பண்ணும்?"

"எத்தனை ஸ்பூனுங்க்கா?"

"உன்ற மூஞ்சிக்கு அரை ஸ்பூனெல்லாம் பத்தாது அம்மிணி, எச்சாவே போடு."

இதுதாங்க நான் சொன்னது. இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற நாக்கு அழுகட்டும்.

புதன்கிழமை படுத்தவ வியாழக்கிழமை எந்திரிக்கல. பாவம் அசதின்னு விட்டோம். வெள்ளிக்கிழமையும் எந்திரிக்கல. மாரப்பன் அவ தலைமாட்டுல உக்காந்து அழுதுட்டிருந்தவன் அழுகைக்கு நடுவுலயே சாஞ்சு தூங்கிப் போனான், அவனைப் பாக்கப் போன ரெண்டு பேரு செவுத்தோரமாத் தூங்கினாங்க, அந்த மூணு பேரையும் எழுப்பலாம்னு நாலு ஆரஞ்சுப் பழத்தோட போன நான் வாசப்படியிலயே முந்தானையை விரிச்சுப் படுத்தேன். என்ன தூக்கமுங்க அது! கல்யாணமான நாள்ல இருந்து எனக்கு வர வேண்டிய தூக்கம் பூராவும் வரிசையா வந்து என்ற மேல படுத்துக்கிச்சு. எந்திரிக்கறப்போ பொழுது எறங்கியிருந்துச்சு, முட்டி வலி இல்ல, யார் மேலயும் கோவம் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னு ஒரு பேச்சு வரத்தான் வந்துச்சு, அந்தப் பேச்சு முடியறதுக்குள்ள எல்லாருக்கும் மறுபடி கண்ணு சொக்கிருச்சு.

அப்புறம் அவ தூக்கம் ரூமுக்குள்ள நிக்கலீங்க. மூணாம் நாள் பக்கத்து வீடு, அஞ்சாம் நாள் லைன் வீடு எட்டும், ஒரு வாரத்துல குடிதண்ணிக் குழாயைத் தாண்டி ரேஷன் கடை வரைக்கும் போயிருச்சு. ரேஷன் கடைக்கு அக்கட்ட இருக்கறவங்க கட்டிலைத் தூக்கிட்டு இக்கட்ட வந்தாங்க. எடம் பத்தாம அடிதடி ஆகிப்போச்சு, அப்புறம் சென்னியப்பன்தான் தறிப் பட்டறைல எழுதற மாதிரியே ஒரு சிலேட்டுல ஷிப்ட்டு எழுதி மைனாவதி வீட்டு வாசல்ல மாட்டினாரு. பகல் ஷிப்ட்டுத் தூக்கம் இன்னாரு, ராத்திரி ஷிப்ட்டுத் தூக்கம் இன்னாரு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாத்திக்கோணும். அவ கால்மாடு வயசானவங்களுக்கு, தலைமாடு கைக்கொழந்தைக்காரிகளுக்கு, ரகளை பண்ற குடிகாரங்களுக்கு வாசலுக்கு வெளிய.

போகப் போகத் தெருவே மாறிப் போச்சுங்க. துணியில ஒரு இழை ஓட்டை இல்லாம வந்துச்சு, பொண்டாட்டியை அடிக்கறதை ஆம்பளைங்க மறந்துட்டாங்க, குழந்தைங்க கணக்குல பாஸ் ஆச்சுங்க. ஆட்டோக்காரங்க ஹாரனைக் கழட்டி வெச்சாங்க, கோயில் நோம்பிக்கு மேளத்தை நிறுத்தினோம், சாவு விழுந்தா சங்கும் தப்பும் இல்லாம, அழறவங்க வாய்ல சீலை முந்தியைத் திணிச்சுட்டு, செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுட்டுச் சுடுகாடு போயிட்டு வந்தோம். சேதி பக்கத்து ஊருக்குத் தெரிஞ்சா கூட்டமாக் கெளம்பி வந்துருவாங்கன்னு மைனாவதி வீட்டு வாசக்கால்ல வேப்பிலை கட்டினோம். அம்மை போட்ட வீட்டுக்கு ஒறம்பரை வரமாட்டாங்க பாருங்க. அவ அம்மா ஊர்ல இருந்து வந்த அண்ணங்காரன்கூட வேப்பிலையைப் பாத்துக் கும்பிட்டுட்டு, கொண்டாந்த வாழைப்பழத்தை எங்கிட்டக் குடுத்துட்டு அடுத்த பஸ்ல போயிட்டான். பழம் நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, ஒன்பதாம் நாள் மத்தியானமே அவ கண்ணு ரெப்பை லேசா ஆடுச்சு. அவ்வளவுதான், தெரு முழுக்க நெஞ்சுல ஒதைச்ச மாதிரி முழிச்சுக்கிச்சு. குழந்தைங்க வீல்னு கத்துச்சுங்க, தூக்கக் கலக்கத்துல தறிக்குப் போன ஒருத்தனுக்கு நாடா எகிறி வந்து பல்லு மூணு போச்சு. சென்னியப்பன் வாசல்ல நின்னு கேட்டாரு:

"பொடி தீந்துருச்சா சம்பூர்ணம்?"

"எங்கிட்டப் பெட்டி நெறையா இருக்குதுங்க."

"அப்ப என்ன யோசனை?"

எல்லாரும் மாரப்பனைப் பாத்தோம். அவன் தரையைப் பாத்தான். "அவளுக்குத்தான் என்ன கொறச்சலுங்க," ன்னான், "தார் சுத்தற வேலை இல்ல, சோறாக்கற வேலை இல்ல. மகராசி மாதிரித்தான படுத்திருக்கறா." புருஷனே சொன்னதுக்கப்புறம் எங்களுக்கு என்ன வந்துச்சுங்க?

தேன்ல கொழைச்சு நான் நீட்டினா அவ வாய் தொறக்கல. மாரப்பனுக்கும் தொறக்கல. கோகிலவாணி கைக்குத்தான் தொறந்துச்சு, பால் குடிக்கற கொழந்தை மாதிரி. அதுல இருந்து காலையும் பொழுதோடயும் அந்தப் புள்ளதான் ஊட்டுவா, நான் எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டிருப்பேன். மாத்திரையைப் பால்ல கரைச்சு ஊட்டறதும் அவளேதான்.

ஒண்ணு சொல்லோணும். ஊரே தூங்கினப்போ அந்தப் புள்ளைக்கு மட்டும் தூக்கம் வரலீங்க. அவ அம்மா எந்திரிக்கோணும்னு நெனச்சவ அவ ஒருத்திதான், அதனாலயோ என்னமோ. அம்மாவோட கால் கட்டை வெரலைப் புடிச்சுட்டு உக்காந்தபடியே இருப்பா, கண்ணுக்குக் கீழ கரி அப்பின மாதிரி ஆயிப்போச்சு.

"அத்தை, அம்மா கண்ணு மஞ்சளா இருக்குதுங்க."

"நேத்து மஞ்சத்தண்ணி வாத்து விட்டமல்ல, அது ஒட்டியிருக்கும்."

"தூக்கத்துலயே சொறியறாங்க. தோலெல்லாம் ரத்தம்."

"நகத்தை வெட்டி விட்டுட்டாப் போச்சு. போய்த் தேனை எடுத்துட்டு வா சாமி."

ஒருநாள் அவ பட்டறைக்குள்ள போய் மெயின் சுவிட்சை எறக்கி, ப்யூஸ் கட்டையையும் புடுங்கிக் கெணத்துல போட்டுட்டா. தறி நின்னா எங்க ஊர்க்காரங்க முழிச்சுக்குவாங்கன்னு அதுக்குத் தெரியுமில்ல. நாப்பது தறியும் ஒட்டுக்கா நின்னுச்சு, மைனாவதி நெத்தி சுருங்குச்சு, ஒதடு 'கோ'ன்னு ஆரம்பிச்சுச்சு. சென்னியப்பன் ஓடி வந்து புள்ளையை ஒரு அறை விட்டாரு, அடுத்த நாளே ஜெனரேட்டர் எறக்கினாரு. அந்த ஜெனரேட்டருக்கு மைனாவதி பேரையே வெச்சு, சந்தனம் தெளிச்சுப் பூஜையும் போட்டோம். மரியாதை இல்லாதவங்கன்னு எங்களைச் சொல்ல முடியாது பாருங்க.

ஆறாவது மாசம் அந்தப் புள்ள டவுனுக்குப் போற வழியில தனியாச் சித்த மருத்துவம் பாக்கற ஹெலன் டாக்டரைக் கூட்டிட்டு வந்துட்டா. நாகர்கோவில் பக்கத்துக்காரி, வாயாடி. வேப்பிலையைத் தள்ளிட்டு உள்ள வந்து, மைனாவதி கண்ணைப் பிதுக்கிப் பாத்துட்டு, டப்பாவைக் கையில எடுத்து என்ற ஸ்டிக்கரைச் சர்ருனு உரிச்சா. எனக்கு நெஞ்சே உரிஞ்சு வந்த மாதிரி இருந்துச்சு.

"யாரு இதை மூடி ஒட்டினது? வாசிங்க, சத்தமா வாசிங்க. மூலிகைன்னா வெறும் புல்லுன்னு நெனைச்சியளா? வேலை செய்யற எதுவும் அளவு மீறினா கொல்லும். மாத்திரையோட சேத்துக் குடுத்திருக்கிய, ஆறு வாரம் சொன்னதை ஆறு மாசம் குடுத்திருக்கிய. இந்தப் பொம்பளைக்கு ஈரல் வெந்து போய்க் கெடக்கு. நான் குடுக்கிற மருந்துதான் இதுவும், ஆனா ஆளைப் பாத்து, அவங்க வேற என்ன சாப்பிடுதாங்கன்னு கேட்டு, நாள் கணக்கு வச்சுக் குடுப்பேன். நீங்க செய்தது மருந்து இல்ல, களவாணித்தனம்."

"சித்த உக்காருங்க டாக்டரம்மா, கோவத்துல மூச்சு வாங்குது பாருங்க," ன்னு நான்தான் சேர் போட்டேன். உக்காந்தா. பேசிட்டே இருந்தவ அப்படியே தலை சாஞ்சு ரெண்டு மணி நேரம் தூங்கினா, எந்திரிச்சதும் தேம்பித் தேம்பி அழுதா. பாவம், அவளுக்கும் எத்தனை வருசத் தூக்கம் பாக்கியோ. போறப்போ புள்ள காதுல மட்டும் என்னமோ சொன்னா. ஒரேடியா நிறுத்தாத கண்ணு, கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சுட்டு வா, ஒரு மாசத்துல முழிச்சிருவாங்க, முழிச்சதும் எங்கிட்டக் கூட்டிட்டு வான்னு சொன்னாளாம். வெளிய போய் யார்கிட்டயும் மூச்சு விடல அவ. தூங்கின வெக்கமா இருக்கும்.

அந்த மாசம் கோகிலவாணி ரொம்ப நல்ல புள்ளயாயிட்டா. அழல, எதுத்துப் பேசல, கூப்பிட்டா வந்தா. நேரம் தவறாம ஊட்டினா. ஸ்பூனை மொதல்ல தன் வாய்ல வெச்சுப் பாப்பா, அப்புறம் அம்மா மூஞ்சியோட மூஞ்சியை ஒட்டிக் குனிஞ்சு சித்த நேரம் அப்படியே இருப்பா. பாசம்னு நெனச்சேன். என்ற கண்ணே கலங்கிருச்சுங்க, ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் குடுத்தேன். எந்த நேரமும் கன்னத்தைக் கிள்ளிக்குவா, தண்ணியை அள்ளி அள்ளி மூஞ்சில அடிச்சுக்குவா, நிக்கறப்போ ஒத்தைக் கால்ல நிப்பா. வெளையாட்டுப் புள்ளன்னு விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மைனாவதி எந்திரிச்சு உக்காந்தா.

தெருவே ஐயோன்னு கத்திட்டு முழிச்சுது. ஓடி வந்தோம், வாசல் நெறஞ்சு நின்னோம், யார் கையில பாத்தாலும் தேன் கிண்ணம். அவ முடி பாதி கொட்டியிருந்துச்சு, கை குச்சியாட்டம் இருந்துச்சு. எங்க யாரையும் பாக்கல அவ.

"கோகிம்மா, பள்ளிக்கூடம் போலியா?"

அந்தப் புள்ள சிரிச்சா. ஏழு மாசத்துல அன்னைக்குத்தான் அவ பல்லைப் பாத்தோம். "முழிச்சுட்டியாம்மா," ன்னா, "நெசமாவே முழிச்சுட்டியா? இனி தூங்கிற மாட்டியல்ல?" தூங்க மாட்டேன்டி தங்கம்னு அவ சொல்லி முடிக்கல, புள்ள அம்மா மடியில தலையை வெச்சா, கண்ணை மூடினா.

அவ்வளவுதாங்க. கத்திட்டிருந்த தெரு சத்தம் நின்னு போச்சு. வாசல்ல நின்னவங்க நின்ன எடத்துல சரிஞ்சோம், சென்னியப்பன் படிக்கட்டுல, மாரப்பன் அடுப்பு மேட்டுல, நான் சாக்கடை ஓரமா. மைனாவதி தூக்கம் நல்ல தூக்கந்தான், இல்லைங்கல. ஆனா கொழந்தைத் தூக்கம் வேறங்க. அதுல கனவுகூட இல்ல. செஞ்ச எதுவும் ஞாபகம் வராது.

நான் எந்திரிக்கறப்போ மைனாவதி புள்ள கன்னத்துல மாத்தி மாத்தி அறைஞ்சுட்டிருந்தா. வாயத் தொறந்து பாத்தா நாக்கு பூராவும் பழுப்பு, ஒரு மாசமாப் பொடி ஊறின நாக்கு. அம்மா வாய்க்குப் போகாத அத்தனை ஸ்பூனும் அங்கதான் போயிருக்குது. துப்பினா நான் பாத்துருவேன்னு முழுங்கியிருக்கறா. அம்மா முழிக்கற வரைக்கும் தூங்கக் கூடாதுன்னு கிள்ளிக் கிள்ளி நின்னுருக்கறா. மைனாவதி என்ற மயிரைப் புடிச்சுச் செவுத்துல மோதினா. "நானாடி அவளுக்கு ஊட்டினேன்?"ன்னு கேட்டேன். கேட்டது தப்பாங்க?

ஒரு கை புடிங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகோணும்னு ஒவ்வொருத்தர் கால்லயும் விழுந்தா. மாரப்பன்தான் கண்ணைத் தேச்சுட்டுச் சொன்னான்: "இன்னைக்கு ஒரு நாள் தூங்கட்டும் மைனா. புள்ள ஏழு மாசமாத் தூங்கல, பாவம்." அவ அவனைப் பாத்த பார்வை இருக்குதே, நல்லவேளை அவன் அதுக்குள்ள மறுபடி தூங்கிட்டான்.

தனியாவே தூக்கிட்டுக் கெளம்பினா. அவ காலு ஏழு மாசம் நடக்காத காலு. மொதல்ல ஹெலன் டாக்டர்கிட்டப் போனா. வரிசைல இருந்த நோயாளிங்க தூங்கினாங்க, ஹெலன் நாடியைப் புடிச்சு, "எத்தனை நாளா, எவ்வளவு," ன்னு கேட்டுட்டே மேசை மேல தலையை வெச்சுட்டா. மைனாவதி அவ மூஞ்சில தண்ணியை ஊத்தினா, முழிச்சா, புள்ள கையை மறுபடி புடிச்சா, மறுபடி தூங்கினா. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி ஊத்தத் தூங்கினா அந்தம்மா. பஸ்ல ஏறினா டிரைவர் தூங்கினான். டவுன் ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன்ல இருந்து பெரிய டாக்டர் வரைக்கும் வரிசையாத் தூங்கினாங்க. அவளுக்கு மட்டும் தூக்கம் வரல. அடுத்த ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு போயிட்டே இருக்கறா, புள்ள தோள்ல கெடக்குது, போற எடமெல்லாம் ஆளுங்க கண்ணு சொக்கிக் கீழ விழறாங்க, எழுப்பித் தொட்டுப் பாக்க ஒரு கை இல்ல.

பின்னாடியே நாங்க வர்றோமுங்க, பாயும் தலகாணியுமா, நூறு நூத்தம்பது பேரு. பாவம் அவளைத் தனியா விட முடியுமா? சிலேட்டையும் கொண்டாந்திருக்கறோம். அவ நடக்கறப்போ கண்ணு சொக்காத தூரத்துல நடப்போம், உக்காந்தா நெருங்கிப் பாயை விரிப்போம், அவ திரும்பிக் கல்லை விட்டெறிஞ்சா சித்த ஒதுங்கி நிப்போம். நாலு நாளாக் கல்லு எறியறதில்ல, கையில வலுவில்ல போல.

அதோ, அந்தப் பாலத்துக்கிட்ட முட்டி மடிஞ்சு உக்காந்துட்டா பாருங்க. இனி பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. தள்ளிக்குங்க, பாயை விரிக்கோணும். நீங்களும் ரொம்ப நேரமா நின்னு கேட்டுட்டிருக்கறீங்க, கண்ணு செவந்து போச்சு. எடமிருக்குது, வாங்க, இப்படி என்ற பக்கத்துல படுத்துக்குங்க.